நெருப்பில்லாத அடுப்புக்குள்

பயமில்லாதவன் பாய்லர் பக்கம் வரக்கூடாது. முப்பத்து நான்கு வருடம் நீராவியோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். பயந்தவனும் வரக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது பொய். பயந்தவன் தாராளமாக வரலாம். பயத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

இதை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. போன மாதம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் என்று கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் அந்தோணிசாமி அனுபவம் பகிர்வார் என்று பேனரெல்லாம் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவர் மன அழுத்தம் பற்றிப் பேசினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, கடற்கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொன்னார். நானும் இழுத்து விட்டேன். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பாய்லர் முன்னால் நிற்கிறவன் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

என் முறை வந்தபோது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் இன்ஜினியர் எழுந்து, "சார், உங்களுக்குப் பயம் வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "என் வீட்டம்மா சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற மூணு வரி இருக்குது, அதச் சொல்லிக்குவேன்" என்றேன். அரங்கமே சிரித்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து, "அந்த மூணு வரி இன்னான்னு சொல்லாமயே போறீங்களே சார்" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். இது அவளுக்காக எழுதுவது. சிரித்தவர்களும் படிக்கலாம்.

எனக்கு ஊர் உறுவையாறு. பத்தாவது முடித்ததும் பாகூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளும் வேலையில் சேர்ந்தேன். ஆறு வருடம் உமி தள்ளினேன். பிறகு அட்டெண்டன்ட் சான்றிதழுக்கான பரீட்சைக்குப் போனேன். பரீட்சை வைத்த அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ டீ குடிச்சிட்டு வந்து பார்க்கிறாய். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை. எவ்வளவு நேரமாகத் தெரியவில்லை என்றும் உனக்குத் தெரியாது. என்ன செய்வாய்?" தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடவேண்டியதுதானே? "உடனே பம்பை ஓட்டித் தண்ணீர் விடுவேன் சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ செத்துவிட்டாய். அடுத்தவனைக் கூப்பிடு" என்றார்.

காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் அந்த நொடியே ஆவியாகிப் பாய்லரே கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பதறுகிறவன் கை நேராகப் பம்புக்குத்தான் போகும். அடுத்த வருடம் அதே அதிகாரி, அதே கேள்வி. "நெருப்பை வெளியே இழுப்பேன். தண்ணீரைத் தொடமாட்டேன். ஆறும் வரைக்கும் சும்மா இருப்பேன்" என்றேன். "சும்மா இருக்க உன்னால் முடியுமா?" என்றார். முடியும் என்றேன். பாஸ் போட்டார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலையில் ஷிஃப்டுக்கு வந்ததும் முதல் வேலை கண்ணாடியைச் சோதிப்பது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. மேலே ஆவிக் குழாய்க்கு ஒரு திருகு, கீழே தண்ணீர்க் குழாய்க்கு ஒரு திருகு, அடியில் வடிப்பதற்கு ஒன்று. முதலில் தண்ணீரை மூடி வடிகாலைத் திறக்க வேண்டும். ஆவி சீறிக்கொண்டு வர வேண்டும். பிறகு ஆவியை மூடித் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பிறகு வடிகாலை மூடி ஆவியையும் திறந்துவிட்டால் தண்ணீர் சட்டென்று கண்ணாடியில் ஏறி ஆட வேண்டும். மெதுவாக ஏறினால் உள்ளே உப்பு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்த கண்ணாடியிலும் பாதி அளவுக்குத் தண்ணீர் அழகாக நிற்கும். அது நேற்றைய தண்ணீர். அதை நம்பிச் செத்தவர்கள் உண்டு. நான் ஷிஃப்டுக்கு நான்கு தடவை சோதிப்பேன். கூட இருந்தவர்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இனி ஆலை மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வரதன். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கோபித்து நான் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து 'செய்' என்ற வார்த்தை ஒருநாளும் வராது. ஒருமுறை அழுத்தம் மீறும்போது திறக்கும் சேஃப்டி வால்வு அடிக்கடி கத்திக்கொண்டிருந்தது. வரதன் அதன் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "இது கத்திக்கினே இருந்தா மொதலாளி பெரியவருக்குத் தலவலி வருது. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே பாத்துக்குங்க" என்றார். அடுத்த ஷிஃப்டுக்காரன் வால்வு திறக்காதபடி அதன் ஸ்ப்ரிங்கை முறுக்கிவிட்டான். நான் வந்து திரும்பத் தளர்த்தினேன். வரதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது நடந்தால் யாரோ செய்தது, அவர் சொல்லவில்லை. பதினோரு வருடம் அவருக்குக் கீழே இருந்தேன்.

என் மனைவி பிலோமினா. ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூர் கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தெருப் பிள்ளைகளை எங்கள் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து மறைக்கல்வி நடத்துவாள். எல்லாம் ஐந்து வயது, ஆறு வயது. நான் இரவு ஷிஃப்டு முடிந்து பின்னறையில் படுத்திருப்பேன். நடுவில் ஒரு துணித் திரைதான். தூக்கமும் வராது, எழுந்து போகவும் முடியாது. நான் வேதம் படித்த லட்சணம் இதுதான். சாமியாருடைய பிரசங்கத்தில் பாதி எனக்குப் புரியாது. பிலோமினா பிள்ளைகளுக்குச் சொன்னது மட்டும் திரைக்கு இந்தப் பக்கமும் புரிந்தது.

அவள் சொன்னது மூன்றே வரி. ஒன்று: "இன்னிக்கு வேண்டிய கஞ்சிய இன்னிக்குக் கேளு. நாளைக்கு வேண்டியத நாளைக்குக் கேட்டுக்கலாம்." இரண்டு: "ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நடுவுல வழவழன்னு இன்னா சொன்னாலும் அது பொய்யி." மூன்று: "ஒரு சிட்டுக்குருவி கீழ வுழுந்தாலும் சாமிக்குத் தெரியும். நீ குருவிய விடப் பெரிசு." மூன்றாவது வரிக்கு ஒரு பிள்ளை கேள்வி கேட்டது: "தெரிஞ்சும் ஏன் டீச்சர் அத வுழவுடுது சாமி?" நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அது எனக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் சொல்லும் மற்றதையும் நான் நம்ப ஆரம்பித்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. தை மாதம், சம்பா அறுவடை. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. நான் மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவில் போயிருந்தேன். அந்த மூன்று நாளும் பாய்லரை அணைத்துக் கழுவினார்கள். பக்கத்துத் தொட்டிகளில் பத்துத் தொட்டி நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லைக் காலத்தில் அவித்தாக வேண்டும். தாமதித்தால் நாற்றமெடுத்து அரிசி சிவந்துவிடும். திங்கட்கிழமை காலை நான் வந்து கொளுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

கொளுத்துவதற்கு முன் டார்ச்சோடு அடுப்புக்குள் ஊர்ந்து போய்ப் பார்ப்பது என் வழக்கம். எங்கள் பாய்லரின் அடுப்பு ஒரு பெரிய இரும்புக் குழாய். மூன்றடி அகலம் இருக்கும். அதன் கூரைக்கு மேலே தண்ணீர் நிற்கும். கூரையில், நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில், கட்டைவிரல் பருமனில் ஒரு வெண்கலத் திருகாணி உண்டு. அதன் நடுவில் துளை, துளை நிறைய ஈயம். மேலே தண்ணீர் இருக்கும்வரை ஈயம் குளிர்ந்திருக்கும். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, அந்தத் துளை வழியே ஆவி இறங்கி நெருப்பை அணைத்துவிடும். ஆளுக்குப் புத்தி தப்பினாலும் அதற்குத் தப்பாது. நாங்கள் அதை ஈயப் பிளக் என்போம். முந்தின மாதம் அடுத்த ஷிஃப்டுக்காரன் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டதில் அது ஒருமுறை உருகி ஒருநாள் வேலை நின்றது. "இந்த ஈயம் பெரிய தொந்தரவா இக்குதே" என்று வரதன் அப்போது சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

டார்ச்சை அடித்து, கரியைத் துணியால் துடைத்தேன். நடுவில் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிய வேண்டும். அங்கே மஞ்சள் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். முழுக்க வெண்கலம், துளையே இல்லை. யாரோ புதிதாகக் கடைந்து பூட்டியிருந்தார்கள்.

வெளியே வந்தேன். என்னோடு பன்னிரண்டு வருடமாக உமி தள்ளும் பழனி நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "தவளக்குப்பம் லேத்துல கடஞ்சி கொண்ணாந்து போட்டாங்கண்ணே. எங்கிட்ட கேக்காதீங்க" என்றான். ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"சார், ஈயப் பிளக்கு எங்க?"

வரதன் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "எந்தப் பிளக்கு?"

"அடுப்புல இருந்தது. இப்ப அங்க கட்டி வெண்கலம் இருக்குது."

"நான் ஒண்ணும் சொல்லல அந்தோணி. பத்துத் தொட்டி நெல்லு ஊறிக் கெடக்குது. இன்னிக்கு அவிக்கலன்னா நாறிப்போவும். பாத்துக்கோ."

"ஈயப் பிளக்கு இல்லாம நான் கொளுத்த மாட்டேன்."

"உன்னக் கொளுத்தச் சொன்னனா நானு?" என்று எழுந்து பாய்லர் அறை வரைக்கும் வந்தார். பழனியைப் பார்த்தார். "பழனி, நீயும் பன்னெண்டு வருசமாப் பாக்கறே. உனக்குத் தெரியாததா?" என்றார்.

பழனிக்குச் சான்றிதழ் கிடையாது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அவன் என்னைப் பார்க்காமல் குனிந்து உமித் தட்டை எடுத்தான். பாய்லர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நெல் உலர்த்தும் களம். அங்கே பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் பேசிச் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. நான் பழனியின் கையைப் பிடித்தேன்.

வரதன் சிரித்தார். "உங்க சாமிதான் ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தக் காட்டச் சொல்லிக்குதே. நீ இன்னாய்யா மல்லுக்கு நிக்கறே?"

"என் கன்னத்தக் காட்டச் சொல்லிச்சி சார். பழனி கன்னத்தக் காட்டச் சொல்லல."

இதை முன்கூட்டி யோசித்து வைத்துச் சொன்னதாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. கோபத்தில் வாயில் வந்தது. அடுத்து நான் செய்ததும் அப்படித்தான். பழனியின் கையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, அடுப்பு வாசல் வழியாக உள்ளே ஊர்ந்து போனேன். உமி எரியும் கிராதி மேல் சாம்பலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "இப்பக் கொளுத்துங்க" என்று உள்ளே இருந்து கத்தினேன். என் குரலே எனக்கு நாலு தடவை திரும்பக் கேட்டது.

மணி எட்டு இருக்கும். வாசல் வழியாக வரதனின் வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது.

உள்ளே உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. நெஞ்சு அடிப்பது இரும்பில் முட்டிக் கேட்பது போலிருந்தது. வேலை போய்விடும். ஆலை முதலாளிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் உறவு, வேறு இடத்தில் சேர்க்க மாட்டார்கள். மூத்தவள் நர்சிங் கடைசி வருடம், சின்னவள் பிளஸ் டூ. இதெல்லாம் விட ஒரு பெரிய பயம் வந்தது. நான் சொல்வது அதிகப்படியோ? கட்டி வெண்கலத்தோடு பத்து வருடம் ஓடினாலும் ஓடும். தண்ணீர் வற்றினால்தானே ஆபத்து? வற்றாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. ஊரே எதிர்பார்க்கிற நெல்லை நாறவிட்டு இங்கே ஒருத்தன் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான், பைத்தியம்தானே?

அப்போது பிலோமினாவின் குரலில் அந்த வரிகள் வந்தன. நான் கூப்பிடவில்லை. இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குக் கேள். சரி, இன்றைக்கு எனக்கு வேண்டியது என்ன? மூத்தவளின் படிப்பு இல்லை, அடுத்த வேலை இல்லை. இந்த அடுப்பு இன்று எரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு நான் எழுந்திருக்காமல் இருந்தால் போதும். ஆமாவா இல்லையா? பிளக் மாறியிருக்கிறதா? ஆமாம். தண்ணீர் வற்றினால் வெடிக்குமா? ஆமாம். இதில் வழவழவென்று சொல்ல என்ன இருக்கிறது? நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. ஆனால் அடிக்கட்டும் என்று விட முடிந்தது. குருவியைப் பற்றிய வரியைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

கவலைப்படாதே என்று சொல்லும் மதம் ஆளைச் சோம்பேறி ஆக்கும், அடிமை ஆக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் கண்ணாடிக் குழாயை நான்கு தடவை சோதித்தவர்கள் இல்லை. கவனமாக இருப்பது வேறு, கவலைப்படுவது வேறு. கவனம் கையில் இருக்கும். கவலை வந்தால் அந்தக் கை நேரே தண்ணீர்ப் பம்புக்குப் போகும்.

பத்து மணிக்கு மேல் நெல்லுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பண்டசோழநல்லூர் தனக்கோடி அம்மா முதலில் குனிந்தாள். குத்தகைக்கு ஒரு காணி பயிரிட்டவள். அவள் நெல் மூன்றாவது தொட்டியில் இருந்தது.

"யோவ், வெளிய வாய்யா! உன் வூட்டு நெல்லா இருந்தா இப்பிடிக் குந்திக்கினு இருப்பியா?"

"உங்க மருமவ எங்கம்மா வேல செய்யுது?"

"களத்துல."

"இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதானே?"

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். டார்ச்சைக் கொடுத்து மேலே பார்க்கச் சொன்னேன், என்ன மாறியிருக்கிறது என்று சொன்னேன். கேட்டாள். வெளியே போய், "மேனேஜரு, அந்த ஆளு சொல்றது நெசமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்று வரதன் சொன்னதும் கேட்டது. தனக்கோடி திரும்ப வந்து குனிந்தாள். "நெல்லு நாறுதுய்யா" என்றாள். இந்தத் தடவை குரலில் சத்தம் இல்லை.

என்னைக் கிளப்ப வரதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். யாரையோ பைக்கில் அனுப்பிப் பிலோமினாவைக் கூட்டி வரச் செய்தார். பெண்டாட்டி வந்து நாலு அழுகை அழுதால் எந்த ஆம்பிளையும் வெளியே வந்துவிடுவான் என்று கணக்கு. பன்னிரண்டரை மணிக்கு அவள் வந்தாள். கையில் தூக்குச் சட்டி. அடுப்பு வாசலில் குனிந்து, என் கரிமுகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னாங்க, அவங்க பிளக்க மாத்தினது நெசமா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நகத்தால சொரண்டிப் பாத்தேன்."

"செரி. சோத்த உள்ள குடுக்கட்டுமா, வாசல் வரைக்கும் வர்றீங்களா?"

பழனி அந்த நேரத்திலும் சிரித்துவிட்டான். பிலோமினா தூக்குச் சட்டியை உள்ளே நீட்டிவிட்டு, உமிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வாசலை மறைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டாள். "எனக்கும் வூட்டுல ஒரு வேலயும் இல்ல" என்றாள். கருவாட்டுக் குழம்பு. அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மூன்று மணிக்குப் பெரியவர் காரில் வந்தார். ஆலை முதலாளி. எழுபத்தைந்து வயது, கூன் விழுந்த முதுகு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டார். "தள்ளிக்கோ" என்றார். தள்ளினேன். என் தலைக்கு மேலே கூரையை வெகுநேரம் பார்த்தார். வெளியே போய்க் கையைத் துடைத்தார்.

"வரதா, இத யார் போட்டது?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"நீ சொன்னியான்னா கேட்டேன்? யார் போட்டதுன்னு கேட்டேன்."

பெரியவர் தொட்டிகளின் பக்கம் மூக்கைத் திருப்பினார். பிறகு, "அந்தப் பிளக்க மாத்துங்க" என்றார். நான் ஊர்ந்து வெளியே வந்து நின்றேன். ஏழு மணி நேரத்தில் கால் மரத்துப் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவனையும் மாத்துங்க" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். வரதன் மேனேஜர் நாற்காலியில் இன்னும் பல வருடம் உட்கார்ந்திருந்தார்.

ஈயப் பிளக் மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நெல் கெட்டுவிட்டது. தனக்கோடியின் நெல் கோழித் தீவனத்துக்குப் போயிற்று. அதன் பிறகு வில்லியனூர்க் கடைத்தெருவில் என்னை எங்கே பார்த்தாலும் நாலு பேருக்குக் கேட்கும்படி திட்டுவாள். அவள் திட்டியது நியாயம். நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்டதில்லை. இன்று அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே அடுப்புக்குள்தான் போய் உட்காருவேன்.

அந்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பெரிய விசுவாசி ஆக்கிவிட்டார். வேதத்தில் எரிகிற சூளையில் தூக்கிப் போடப்பட்டவர்களோடு ஒப்பிட்டார். நான் பூசை முடிந்ததும் போய், "சாமி, அவங்க சூளையில நெருப்பு இருந்திச்சி. என் அடுப்புல வெறும் சாம்பல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் மைத்துனர் பக்கம் இன்னொரு விதம். அவர் சாமி இல்லை என்பவர். "உன் சாமி வந்தா பிளக்க மாட்டிச்சி?" என்றார். "சாமி மாட்டல மச்சான், பெரியவரோட ஆளுதான் மாட்டினான். அந்த ஏழு மணி நேரம் என்னக் குந்த வெச்சது எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். பிடிவாதம் என்றார். இருக்கட்டும், பேர் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

நான் பயந்ததுபோலவே எந்த ஆலையும் என்னைச் சேர்க்கவில்லை. கேட் வரைக்கும் போவேன், பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் முகம் மாறும். ஸ்பேனரும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு மெடிக்கல் ஷாப் ஓரமாக உட்கார்ந்து பிரஷர் குக்கர் ரிப்பேர் செய்ய ஆரம்பித்தேன். பழைய ஆட்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்துச் சிரிப்பார்கள். குக்கரும் பாய்லர்தான். அதன் மூடியிலும் சூடு மீறினால் உருகும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு எம்-சீல் பசை வைத்து அடைத்துக்கொண்டு வரும் அம்மாக்களிடம் புதுப் பொத்தான் போடாமல் குக்கரைத் திருப்பித் தர மாட்டேன். சண்டை போடுவார்கள். போடட்டும், எனக்குப் பழக்கம்தான்.

வீரன் மாதிரி இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலை பயத்தோடு விழித்துக்கொள்வேன். பிலோமினா எழுந்து அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்கும்வரை அந்த முதல் வரியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு வேண்டியது இன்றைக்கு. சில நாள் அது வேலை செய்யும். சில நாள் செய்யாது. செய்யாத நாளிலும் இன்னொரு வரி எனக்குத் தெரியாததால் அதையே சொன்னேன். ஒன்பது மாதம் கழித்து வேறொரு தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டார்கள், அங்கேயே ஓய்வும் பெற்றேன். அந்த வேலையில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. நல்ல பாய்லர்காரனின் சரித்திரம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால், ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, ஒரு சாயங்காலம் பழனி எங்கள் வீட்டுக்கு வந்தான். அன்றைக்குப் பிறகு அவன் என்னை வந்து பார்த்ததே இல்லை. உமித் தட்டை எடுத்ததற்கு வெட்கப்பட்டிருப்பான். வலது முழங்கையில் துணி சுற்றியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நேத்து ஈயம் உருகிடுச்சி."

நான் கையிலிருந்த குக்கர் மூடியைக் கீழே வைத்தேன். "எப்பிடிடா?"

"புதுசா வந்த அட்டெண்டன்ட் கண்ணாடியச் சோதிக்கவே மாட்டேங்கறான். தண்ணி பாதி நிக்குது, பாதி நிக்குதுன்னு காலையிலருந்து சொல்லிக்கினே இருந்தான். உள்ள தண்ணியே இல்லண்ணே. நான் வாசல்ல நின்னு உமி தள்ளிக்கினு இருக்கறேன், புஸ்ஸுனு ஒரு சத்தம். அடுப்பு பூரா ஆவி. நெருப்பு அப்பிடியே அவுஞ்சி போச்சி. எனக்குக் கையில லேசாச் சுட்டதோட சரி."

"வேற யாருக்காச்சும்?"

"ஒண்ணியும் ஆவல." பிலோமினா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். "களத்துல இருந்த யாருக்கும் இன்னா நடந்திச்சின்னே தெரியாதுண்ணே. பன்னெண்டு பேரும் நெல்லக் குமிச்சி மூடிட்டு, கைகால் கழுவிக்கினு, பேசிச் சிரிச்சிக்கினே வூட்டுக்குப் போனாங்க. தனக்கோடி மருமவ எங்கிட்ட வந்து, மணி இன்னாண்ணே ஆவுதுன்னு கேட்டுட்டுப் போச்சி."